கால் கழுவும் பாடம்

— காலை ஆட்டாதட்டி, தண்ணி தரையெல்லாம் சிந்துது.

— கூசுதுங்க. கல்யாணமாகி இத்தனை வருசத்துல என் காலை நீங்க தொட்டதே கிடையாது. நாளைக்கு சண்டே கிளாஸ்ல இதையா பண்ணப் போறீங்க?

— ஆமா. இயேசு சீஷங்க காலைக் கழுவுன பாடம். வாயால சொன்னா பெரியாளுக பாதிப்பேரு தூங்கிருதாங்க. செஞ்சு காட்டுனா மறக்கமாட்டாங்க.

— போன வாரம் ஆளுக்கொரு கடுகைக் குடுத்து விசுவாசத்தைச் சொன்னீங்கள்லா? சண்முகசுந்தரி அக்கா இன்னும் அதைப் பர்ஸுல வச்சிருக்காங்க. அதுமாதிரி லேசா ஏதாவது பண்ணுங்களேன்.

— இல்ல, இதுதான் பண்ணணும்.

— பதினெட்டுப் பேரு காலையுமா?

— ஒருத்தர் காலை மட்டும்.

— யாரு?

— துண்டை எங்கன வச்சே?

— ஒங்க தோள்லதான் கிடக்கு. காலையில இருந்து நீங்க ஒரு நெலையில இல்ல. பைபிளைத் தொறக்கிறதும் மூடுறதுமா இருக்கீங்க, சோறும் எறங்கல. யாரு காலுங்க?

— பாஸ்டர் நம்ம கிளாஸ்ல புதுசா ஒரு ஆளைச் சேத்திருக்காரு. ஜெயில்ல இருந்தப்ப ஆண்டவரை ஏத்துக்கிட்டவன். சுரண்டைக்காரன். இப்ப இங்க தென்காசியில வாழைத்தார் சுமக்குதான்.

— பேரு?

— அய்யாக்குட்டி.

— எந்த அய்யாக்குட்டி? வேன் டிரைவரா?

— ஆமா.

— ஐந்தருவி ரோட்டுல நம்ம ஆஷிகாவை அடிச்சுக் கொன்னவனா? அவன் காலையா பெத்த அப்பன் கழுவப் போறீங்க?

— மெதுவாப் பேசு, மாரிச்செல்வி.

— மெதுவால்லாம் பேசமாட்டேன்! ஏழு வயசுங்க அவளுக்கு. மன்னிக்கணும்னா மனசுக்குள்ள மன்னிச்சுக்கோங்க. அத்தனை பேரு முன்னால எதுக்கு? ‘வாத்தியாரு மனசைப் பாருங்க’ன்னு சர்ச்சே பேசணுமா?

— அதுக்கில்லட்டி.

— கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிட்டு வந்தான்னு கோர்ட்டுல நீங்கதான சாட்சி சொன்னீங்க?

— சொன்னேன்.

— நீங்க சொன்னதை வச்சுத்தான ரெண்டு வருசம் உள்ள போட்டாங்க?

— ஆமா. ‘நான் மெதுவாத்தான் வந்தேன் ஐயா’ன்னு கூண்டுல நின்னு அழுதான். ஒருத்தரும் நம்பல.

— அழத்தான் செய்வான். தப்புப் பண்ணவன் அவன். வேணும்னா அவன் வந்து நம்ம காலைப் பிடிக்கட்டும்.

— நீ அப்ப அருவியில குளிச்சிட்டிருந்தே. ஒனக்குத் தெரியாது.

— என்ன தெரியாது? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— அவன் மெதுவாத்தான் வந்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, ‘ஓடி வா தாயி’ன்னு பிள்ளையக் கூப்பிட்டது நான்தான்.