இரண்டு ஏதென்ஸுக்கும் ஒரே பொங்கல்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் பஸ் ஏறிய பெண், புதுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன் ஆசனத்தில் அமர்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளுக்குத் தெரிந்தவள் போலும். பானைக்காரி உட்கார்ந்ததும் அவளிடம் சொன்னாள்:

“ஏதென்ஸ் ரெண்டு இருக்குதாம், அக்கா.”

“உன்ரை மகள் அமெரிக்காவிலை படிக்கிற ஊரோ?”

“ஓம். நேற்று ரீவியிலை ஏதென்ஸ் பக்கம் காடு எரியுதெண்டாங்கள். அந்தப் பேரைக் கேட்டதும் மிச்சம் ஒண்டும் என்ரை காதிலை விழேல்லை. அவள் போனும் எடுக்கேல்லை. அழுதழுது அம்மனுக்குப் பொங்கல் நேந்துபோட்டன்.”

“ஐயோ, பிறகு?”

“விடிய அவளே எடுத்துச் சிரிக்கிறாள். எரிஞ்சது கிரேக்கத்திலை இருக்கிற பழைய ஏதென்ஸாம். அமெரிக்காவிலை பல்கலைக்கழகம் கட்டேக்கை, படிப்புக்குப் பேர்போன அந்த ஊரின்ரை பேரைத் தங்கடை ஊருக்கும் வைச்சவையாம். இவள் படிக்கிறது அந்தப் புது ஏதென்ஸிலையாம்.”

“அப்பாடா! அப்ப உந்தப் பானை என்னத்துக்கு?”

“நேந்தது நேந்ததுதானே. எரியிற ஏதென்ஸிலையும் ஆரோ பெத்த பிள்ளையள் இருக்குதுகள்.”

அக்கா பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“உந்த அரிசி காணாது. இறங்கி இன்னொரு கிலோ வாங்குவம்.”