பெனிக்னா மறுத்த மரியாதை

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்மன்றத் தலைவி அவர்களே, பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, இப்போதுதான் பாடி முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும் பாடகர் குழுவினரே, மீன் ஆலையில் பாதி வேலையை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் என் மக்களே! இந்த ஊரில் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் நிற்கும் உபதேசியாரின் வணக்கம்.

நான் மேடை ஏறும்போது ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "உபதேசியாரே, நல்லதா நாலு வார்த்தை பேசுங்க. அந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டாம். சின்னப் புள்ளைங்க இருக்காங்க" என்றார். எந்த வார்த்தை? தற்கொலை. சொல்லிவிட்டேன். கூரை அப்படியேதான் இருக்கிறது.

நம் நாவலாசிரியர் பெனிக்னா பெட்ருசென் அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று நாவல்கள் எழுதினார். அந்த வார்த்தையை மறைத்துவிட்டு நான் அவருக்கு என்ன அஞ்சலி செலுத்த முடியும்? நேற்று டென்மார்க்கிலிருந்து ஒரு செய்தியாளர் தொலைபேசியில் கேட்டார், "அவரும் அப்படித்தான் இறந்தாரா?" என்று. இல்லை ஐயா. நுரையீரல் புற்றுநோய். கடைசி வாரம்வரை இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று மருத்துவரிடம் சண்டை போட்ட பெண்மணி அவர்.

வெளியூர்க்காரர்கள் அவரிடம் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். மாதக்கணக்கில் சூரியன் எழாத உங்கள் குளிர்கால இருட்டுதானே இத்தனை தற்கொலைகளுக்குக் காரணம்? அவருக்குக் கோபம் வரும். அதனால்தான் 'இரவில்லாத மாதம்' நாவல் முழுவதையும் ஜூன் மாதத்தில் நடத்தினார். சூரியன் மறைவதில்லை. எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அரசாங்கம் சொந்த ஊரை மூடிவிட்டு அடுக்குமாடியில் கொண்டுவந்து அடைத்த குடும்பம், அப்பா குடித்துவிட்டு வரும் சம்பள நாளில் நடுங்கும் பிள்ளைகள், ஆண்டுக்கு ஒருவராக வந்துபோகும் ஆசிரியர்கள், 'ரொம்ப அமைதியான பையன்' என்று எல்லாரும் பாராட்டும் ஒருவன். இருட்டின் மேல் பழி போடுவது எவ்வளவு வசதி! இருட்டு எழுந்து பதில் சொல்லாதே.

அந்த நாவலில் ஒரு தங்கை, தன்னை மாய்த்துக்கொண்ட அண்ணனின் பெயரைத் தன் குழந்தைக்குக் கேட்கிறாள். ஊர் தர மறுக்கிறது. நமக்கு அது புதிதா? நம்மில் யார் இறந்தாலும் அவர் பெயர் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குப் போகிறது. இறந்தவரின் அப்பா அந்தக் குழந்தையை மகனே என்று கூப்பிடுகிறார். ஆனால் இப்படி இறந்தவர்களின் பெயரை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம். கடல் கொண்டுபோயிற்று என்கிறோம். பிறகு அந்தப் பெயரையே வாயில் எடுப்பதில்லை.

அந்தப் புத்தகம் வந்தபோது மலெராக்கின் மகன் மிட்டெக் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மலெராக், உங்களைப் பற்றிப் பேச இன்று காலை உங்களிடம் அனுமதி கேட்டேன். "பேசிக்கோங்க. நான் உக்காந்து கேப்பேனான்னு மட்டும் சொல்ல முடியாது" என்றீர்கள். கதவோரம் நின்றபடியாவது இருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

அன்று பெனிக்னாவின் சமையலறையில் நானும் இருந்தேன். மலெராக் புத்தகத்தை மேசையில் போட்டார்.

"என் புள்ளைய வித்துட்டியே."

"உக்காரு. காப்பி சூடா இருக்கு."

"காப்பிக்கா வந்தேன்? அவன் கடல்ல போனான். ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு என்ன தெரியும்னு உனக்கும் தெரியும், மலெராக். இது உன் புள்ள கதை மட்டும் இல்ல. இதுல ஒருத்தன் எப்படிச் செத்தான்னு ஒரு வரி இருக்கா? காட்டு."

அவர் நின்றுகொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டினார். இல்லை. பெனிக்னா அதை ஒருபோதும் எழுதியதில்லை.

"அப்ப என்னதான் எழுதியிருக்க?"

"அவன் உயிரோட இருந்தப்ப யார் யாரு வாயை மூடிக்கிட்டிருந்தாங்கன்னு எழுதியிருக்கேன். மூணாவது அத்தியாயத்துல நானும் இருக்கேன். ரொம்பக் கேவலமா இருப்பேன். உனக்குப் பிடிக்கும், படி."

அவர் படிக்கவில்லை. இரண்டு வருடம் பெனிக்னாவுக்கு முகம் கொடுக்கவும் இல்லை.

ஆனால் அவர் மனைவி எலினோரா வந்தார். புதன்கிழமைகளில் இதே மன்றத்தில் அந்த நாவலை நான் உரக்கப் படிப்பேன். "இதைத் தனியா படிக்கக் கூடாது. பக்கத்துல ஒரு ஆளு இருக்கணும், கெட்டில்ல காப்பி இருக்கணும்" என்பது பெனிக்னா போட்ட சட்டம். முதலில் வந்தவர்களில் பாதிப்பேர் கேக்குக்காக வந்தவர்கள். ஒரு புதனன்று, நாவலில் வரும் தாய் 'கடல் கொண்டுபோயிற்று' என்று சொல்லும் இடத்தை நான் படித்தேன். எலினோரா உட்கார்ந்தபடியே சொன்னார், "எங்க வீட்டுலயும் கொண்டுபோனது கடல் இல்ல."

புத்தகத்தை மூடலாமா என்று நான் பெனிக்னாவைப் பார்த்தேன். அவர் தலையசைத்து மறுத்தார். பிறகு சன்னல் பக்கமிருந்து இன்னொரு குரல், "எங்க வீட்டுலயும் இல்ல." பிறகு இன்னொன்று. அடுத்த புதனன்று நாற்காலி போதவில்லை. மருத்துவ நிலையத்துச் செவிலியரும் வந்து உட்கார ஆரம்பித்தார்.

பேசினால் பரவும் என்றீர்கள். எத்தனை முறை என் முகத்துக்கு நேரே சொன்னீர்கள்! பேசியதால் இன்று உயிரோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் இந்த அரங்கில் இருக்கிறார். புதனன்று படிப்பு முடிந்தபின் என்னிடம் வந்து, "எனக்கும் அந்த எண்ணம் வருது" என்று சொன்னவர். அன்று அவரைத் தனியே விடவில்லை, செவிலியரிடம் கூட்டிப்போனோம். பெயர் சொல்ல மாட்டேன். அவர் என்னைப் பார்த்து முறைப்பது மட்டும் தெரிகிறது. நன்றாக முறையுங்கள், முறைப்பதற்கு இருக்கிறீர்களே.

இப்போது எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பெனிக்னா இறந்த மறுநாள், மலெராக்கின் மகள் இவாலுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். இவாலு தன் அண்ணன் பெயரைக் கேட்கிறாள். மிட்டெக் என்ற பெயருக்கு ஆண் பெண் கிடையாது. எலினோரா சரி என்றுவிட்டார். அப்பா இன்னும் சொல்லவில்லை. இறந்தவனின் தாயும் தகப்பனும் கொடுக்காமல் அந்தப் பெயரை நான் எடுத்து வைக்க முடியாது. ஊரோ, குழந்தைக்கு பெனிக்னா என்றே வைத்துவிடலாம், எவ்வளவு பெரிய மரியாதை என்கிறது. இந்த மேடையில் எனக்கு முன் பேசிய இருவரும் அதையே கேட்டார்கள். நீங்கள் கை தட்டினீர்கள்.

அந்த மரியாதையை பெனிக்னா வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மலெராக்குக்கு அது தெரியும். பெனிக்னா நோயில் படுத்த பிறகு மலெராக் அவர் வாசலில் ஆலிபட் மீனை வைத்துவிட்டுப் பேசாமல் போவார். ஒருநாள் உள்ளே வந்தார்.

"இவாலுவுக்குப் பொறக்கப்போற புள்ளைக்கு உன் பேரை வைக்கிறோம், பெனிக்னா."

"வேண்டாம்பா."

"ஏன்? என்மேல கோவமா?"

"என் பேரைப் போட்டு உன் மகனை இன்னொரு தடவை மூடப் பாக்குற."

மலெராக் கட்டிலருகே உட்கார்ந்தார். பிறகு, "அந்தப் பேரோட அதுவும் வந்துட்டா?" என்றார். இந்த ஊரின் பயம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது.

"அவன் பொறந்து செத்தது மட்டுமா செஞ்சான்? இருபது வருஷம் சிரிச்சான், நாய்க்கு மீன் திருடிப் போட்டான், பாட்டைத் தப்பாப் பாடினான். அதெல்லாம் வராதா?" என்று பெனிக்னா கேட்டுவிட்டு இருமத் தொடங்கினார். நான் தண்ணீர் கொடுத்தேன். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது.

ஆகவே மக்களே, பெனிக்னா பெட்ருசென் பெயரை இந்தக் குழந்தைக்குக் கேட்காதீர்கள். அவர் பெயரைச் சுமக்க வேறு குழந்தை பிறக்கும். புதன்கிழமை படிப்பு நிற்காது. என் தொண்டை போனால் தலைமையாசிரியர் படிப்பார், அவர் முகம் போகிற போக்கைப் பாருங்கள். மூடிய வாய்களைப் பற்றி எழுதியவரின் ஊரில், இனி ஒரு பிள்ளை அமைதியாக இருந்தால் பாராட்ட மாட்டோம், போய்க் கேட்போம். இது நான் எடுக்கும் உறுதி. நீங்களும் எடுங்கள்.

மலெராக், உங்களை நான் கட்டாயப்படுத்தவில்லை. ஞாயிறன்று நீங்கள் தராத பெயரை நான் சொல்லப்போவதில்லை.

என்ன? கொஞ்சம் அமைதியாக இருங்கள், மலெராக் ஏதோ சொல்கிறார்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "மிட்டெக்னே வைங்க. ஆனா சத்தமாச் சொல்லுங்க, உபதேசியாரே. அவன் அம்மாவுக்கு ஒரு காது கேக்காது."