ரோஸலின் மூட்டிய அடுப்பு

ஓடுகிறோம். பொழுது சாயவில்லை. மழைதான் இருட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே தேயிலை மலை. பட், பட் என்று வேர் அறுகிற சத்தம். பிறகு லொறியில் இருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒன்று. மகள் என் இடுப்பில். அவள் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. எடுக்கவில்லை.

"மண்ணு வருது! பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க!"

கத்தியது அந்தோணி. எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரர். ரோஸலினின் புருஷன். லயத்தின் கடைசிக் காம்பராவில் நடக்கமாட்டாத கிழவர் ஒருவர் இருந்தார். அவரைத் தூக்கப் போனார். இரண்டு பேரும் வரவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் லயம் முழுக்கக் கிடக்கிறோம். வராந்தாவில் கல் கூட்டி ஒரே அடுப்பு. வலப்பனை டவுனில் இருந்து மாவும் பருப்பும் வருகிறது.

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. இழவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. பக்கத்துக் காம்பராக்காரிதான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று அதில் பேதம் இல்லை. ரோஸலினுக்கு அந்தப் பக்கத்துக் காம்பராக்காரி நான். மறுநாள் காலை தட்டில் ரொட்டியோடு போனேன்.

படுத்த இடத்தில் அவள் இல்லை. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நீ அடுப்புகிட்ட வரக்கூடாது ரோஸலின்."

"ஏன்க்கா? என் வீட்டுல யாரு செத்தா? அவரு பசியோட வருவாரு. நகருங்க, பொக அடிக்குது."

நகர்ந்தேன். அவள் தேங்காய்ச் சம்பல் இடிக்கிறாள். டொக், டொக். மண்டபம் எழுந்து உட்காருகிறது. குழாயடியில் சண்டை போட்டு முகம் பார்க்காத இரண்டு வீடுகள் ஒரே தட்டில் ரொட்டி பிய்க்கின்றன. நானும் ஒரு நாள் பருப்பு வைத்தேன். சாப்பிட்டார்கள். எழுந்து போனார்கள்.

"ரோஸலின் கை பட்டா பச்சத்தண்ணியும் ருசிதான், இல்லையா லெச்சிமி?" என்றாள் எதிர்க் காம்பராக்காரி.

சிரித்துவைத்தேன். என் மகள் அவள் மடியில் உட்கார்ந்து அவள் கையால் வாங்கித் தின்கிறாள். புருஷனைக் காணாதவள் மேலா பொறாமை என்று கேட்பீர்கள். அவள் மேல்தான். மலை திரும்ப இறங்குமோ என்று தூங்காமல் கிடந்த என் கண், அவள் சட்டி முதலில் காலியாவதையும் பார்த்துக்கொண்டே இருந்தது.

பிறகு அந்தோணியைத் தோண்டி எடுத்தார்கள். கிழவர் அவர் முதுகில் இருந்தார்.

ரோஸலின் கையைக் கழுவினாள். அகப்பையை என்னிடம் நீட்டினாள்.

"இனி நீங்க வைங்கக்கா."

வைத்தேன். அன்றைக்கு எல்லோரும் என் சமையலைத்தான் சாப்பிட்டார்கள். முறைப்படி தட்டை அவள் முன்னால் வைத்தேன். ஒரு வாய் எடுத்தாள்.

"உப்பு போதல," என்றாள்.

மகள் அவள் மடியை விட்டு எழவில்லை.

போனதைச் சொல்கிறேன். ஆறு காம்பரா. நான்கு ஆடு. அந்தக் கிழவர். அந்தோணி. என் வீட்டில் ஆட்கள் எல்லோரும் இருக்கிறோம். அம்மிக்கல் போனது. மகளின் ஒரு செருப்பு போனது. அவள் என் கையால் சாப்பிடுவது போனது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.