செடிக்கு இன்னும் பத்து நாள்

கரும்புப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் கரைக்கக் கூடாது. அடியில் கட்டியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, மரக்கரண்டியால் நிதானமாகக் கலக்க வேண்டும். விசாரணை அறையில் அந்த அதிகாரி முதலில் கேட்டதே குசினியில் இருந்த கறுப்புப் பாகுப் போத்தலைப் பற்றித்தான். நானும் விளக்கமாகச் சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு நான்கு சொல்லில் முடித்துவிட்டார். அதிகாரி அந்த நான்கு சொல்லையும் எழுதிக்கொண்டார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. அதைப் பார்த்துத்தான் என் வழக்கறிஞர் துஷ்யா, எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதித் தரும்படி தாளும் பேனாவும் கொடுத்தார். எழுதுகிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

என் பெயர் செபஸ்தியாம்பிள்ளை. வயது அறுபத்தேழு. மனோர் பார்க்கில் சொந்த வீடு, பிள்ளைகள் இல்லை. இருபத்தாறு வருடம் பாண் தொழிற்சாலையில் வேலை செய்தேன், கடைசிப் பதினொரு வருடம் ஷிப்ட் மேற்பார்வை. மா பொங்குவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுக்காவிட்டால் பாண் வராது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். உலகத்தில் பொறுமை உள்ளவர்கள் மிகக் குறைவு.

என் மனைவி றோஸ்மலருக்கு ஒன்பது வருடமாக நரம்பு வருத்தம். முதலில் கைத்தடி, பிறகு சக்கர நாற்காலி. கால் இரண்டும் நெருப்பில் கிடப்பது போல எரிகிறது என்பாள். ஆஸ்பத்திரியில் தந்த குளிசைகள் அவளைத் தூங்கவைத்தன, வலியை விட்டுவிட்டன. அப்போது என்னோடு வேலை செய்த ஒருவர், தன் தாய்க்குக் கொடுத்து வந்த எண்ணெயில் கொஞ்சம் தந்தார். அன்று மத்தியானம் றோஸ்மலர் கதிரையில் நிமிர்ந்து இருந்து ஒரு கோப்பை சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டாள். இரண்டாம் தரம் குழம்பு கேட்டாள். அதைக் கண்ட எந்தக் கணவனும் நான் செய்ததைத்தான் செய்திருப்பான்.

அந்த எண்ணெயை நானே வடிக்க, மேல்மாடிப் பின்னறையில் நான்கு செடி வைத்தேன். பொலிஸ்காரர் கஞ்சா என்கிறார்கள், நாங்கள் வீட்டில் செடி என்றுதான் சொல்வோம். ஓர் இலை வெளியே போனதில்லை. எல்லாம் அவளுக்கு.

செடி வளர்ப்பதை எல்லோரும் சும்மா தண்ணீர் ஊற்றுகிற வேலை என்று நினைக்கிறார்கள். அது கேட்பதைக் கேட்கிற நேரத்தில் கொடுக்க வேண்டும். பூக்கிற காலத்தில் பாகு. கடற்பாசிச் சாறு. வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர். பிறகு அப்டன் பார்க்கில் கிறீன் ஸ்ட்றீற் கடையொன்றில் யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி கண்டேன். அதைக் கரைத்து ஊற்றிய கிழமையே இலையின் பச்சை வேறாகிவிட்டது. றோஸ்மலரும் பிளேன்ரீயோடு கடிக்க ஒரு துண்டு கேட்பாள். ஓர் ஓலைக் குட்டான் ஒரு கிழமைக்கு மட்டுமட்டு. ஆனாலும் நான் இல்லை என்று சொன்னதில்லை, நகமளவு உடைத்துக் கொடுப்பேன். நான் கஞ்சன் அல்ல.

இந்த வருடம் தை மாதம் இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்தது. நுனிகள் சுருண்டன. விசாரித்துப் பார்த்ததில் கல்சியம் போதாது என்று தெரிந்தது. அதற்கென்று விற்கிற மருந்துப் போத்தல் வந்துசேர ஒரு கிழமை எடுக்கும் என்றார்கள். வீட்டிலோ றோஸ்மலருக்கு டொக்டர் எழுதித் தந்த கல்சியம் குளிசைகள் டப்பா டப்பாவாகக் கிடந்தன. படுத்தே இருப்பதால் எலும்பு மெலிந்துவிட்டதாம், காலையும் மாலையும் ஒவ்வொன்று சப்பித் தின்ன வேண்டுமாம். சோக்குக்கட்டி தின்பது போல இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் முகத்தைச் சுளிப்பாள். ஒரு நாளைக்கு இரண்டு என்று இடித்துத் தண்ணீரில் கலந்து பார்த்தேன். பத்து நாளில் புதுத் தளிர் ஒரு புள்ளி இல்லாமல் வந்தது.

அவளுக்குக் குறை வைக்கக் கூடாதல்லவா. அதே அளவில் வட்டமாக ஒரு தோடம்பழ இனிப்பு கடையில் கிடைக்கிறது. அதைக் கொடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, இப்ப இந்தக் குளிசை நல்ல ருசி. கொம்பனியை மாத்திப்போட்டாங்கள் போல" என்றாள்.

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பத்து மாதமாக அவள் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

என் தலையைத் தின்றவர்கள் வெளியாட்கள்தான். பூக்கிற காலத்தில் வாசம் படிக்கட்டால் இறங்கி வாசல் வரைக்கும் வரும். அந்த நேரம் பார்த்துத்தான் கவுன்சிலில் இருந்து ஒரு பெண், குளியலறையில் கைபிடி பூட்டுவதற்கு அளவெடுக்க வேண்டும் என்று நிற்பார். வேண்டாம், நானே பூட்டிவிட்டேன் என்று எழுதிப் போட்டேன். பூட்டத்தான் நினைத்திருந்தேன். கோயிலில் இருந்து ஃபாதர் முதல் வெள்ளிக்கு முதல் வெள்ளி நற்கருணை கொண்டுவருவார். றோஸ்மலர் அன்று விடியவே தலை சீவிக் காத்துக்கொண்டிருப்பாள். ஃபாதருக்கு மூக்கு நல்ல கூர்மை. அவள் வெஸ்ட் ஈலிங்கில் தங்கை வீட்டோடு போய்விட்டாள் என்று அவருக்குச் சொன்னேன். வெஸ்ட் ஈலிங்கில் இருக்கிற தங்கை றூபினியிடம், டொக்டர் ஆட்களை அண்டவிட வேண்டாம் என்கிறார், ஃபாதர் மட்டும் மாதாமாதம் வந்து பார்க்கிறார் என்று சொன்னேன். இருவருக்கும் மனம் ஆறியது. றோஸ்மலரிடம், ஃபாதருக்கு இப்போது வேலை அதிகம் என்றேன். மூன்று பேரிடம் மூன்று விதமாகக் கதைத்து ஞாபகம் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாராவது யோசித்தார்களா?

கோடைகாலத்து அறுவடை பூஞ்சணம் பிடித்து முழுவதும் நாசமாகிவிட்டது. அதைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டியபோது நான் அழுதேன். எண்ணெய்ப் போத்தலில் அடிமட்டம்தான் மிச்சம். ஆகவே இந்தக் கார்த்திகை அறுவடை தப்பவே கூடாது. நான்கு செடியும் நான் இதுவரை கண்டிராத பூவோடு நின்றன. கடைசி இரண்டு கிழமை பாகு, பனங்கட்டி, கல்சியம் எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். அதைத் தொடங்கிய நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, றோஸ்மலர் குளியலறையில் விழுந்தாள்.

நான் மேலே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறாள். ஊற்றி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன், பாதியில் விட்டால் ஒரு செடிக்குக் கூடவும் ஒன்றுக்குக் குறையவும் போய்விடும். தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். இடது கால் வலது காலைவிடக் கட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. நான் டொக்டர் அல்ல. ஆனால் பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னாள். சொல்லாமல் இருப்பாளா? நான் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, அவள் கையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர்கள் வந்தால் வாசலிலேயே வாசம் தெரிந்துவிடும். பொலிஸ் வரும். செடியைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். இந்த அறுவடையும் போனால் அடுத்ததற்கு ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் அவள் வலிக்கு என்ன செய்வது? இன்னும் பத்து நாள்தான், அடுத்த வெள்ளிக்கிழமை வெட்டிவிட்டால் அறையைக் கழுவித் துடைத்துவிட்டு யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

"செடியைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டு இப்பவே கூப்பிடுங்கோவன்" என்றாள். "எனக்கு ஒண்டும் வேண்டாம். என்னைக் கொண்டுபோய் விடுங்கோ."

இந்த வீட்டில் என்னை நோகடித்த வார்த்தை அது ஒன்றுதான். மூன்று வருடம் கண்ணுக்குள் வைத்து வளர்த்தது யாருக்காக? எறி என்று அவளால் எப்படிச் சொல்ல முடிந்தது? நான் கோபப்படவில்லை. "நீர் வலியிலை கதைக்கிறீர், றோசு. கொஞ்சம் பொறும்" என்று மட்டும் சொன்னேன். அவளுடைய போனை எடுத்துக் கீழே சார்ஜில் போட்டேன்.

அந்த நாட்களில் நான் அவளை நன்றாகவே பார்த்தேன். மிச்சமிருந்த எண்ணெயைத் துளித்துளியாக ஐந்து நாளைக்கு இழுத்தேன். கஞ்சி பருக்கினேன், உடுப்பு மாற்றினேன். மாற்றும்போது கத்துவாள். அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் இருக்க வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் தொடங்கியது. திங்கட்கிழமை றூபினி போன் எடுத்தாள். அக்காவோடு கதைக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். நித்திரை என்றேன். செவ்வாய்க்கிழமை றோஸ்மலர் என்னை ஃபாதர் என்று நினைத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனம் சொல்லத் தொடங்கினாள். தன் பாவம் என்று அவள் சொன்னது, இரண்டு தரம் எனக்குத் தெரியாமல் பனங்கட்டி எடுத்ததை. நான் மன்னித்தேன்.

புதன்கிழமை மத்தியானம் அவள் போய்விட்டாள்.

செடிக்கு வெள்ளிக்கிழமைதான் நாள். இதைச் சொன்னபோது அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். புதன்கிழமையே கூப்பிட்டிருக்கலாமே என்று அவர் மூன்று தரம் மூன்று விதமாகக் கேட்டார், நானும் மூன்று தரம் அதே பதிலைச் சொன்னேன். அவள் அறை யன்னலைத் திறந்து வைத்துவிட்டு, வியாழக்கிழமையும் தண்ணீர் ஊற்றினேன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கி, ஒவ்வொரு பூவாக வெட்டி, கயிற்றில் தலைகீழாகக் கட்டினேன். பதினொன்றரைக்குக் கை கழுவிவிட்டு ஆம்புலன்சுக்கு அடித்தேன். அறையைக் கழுவ நேரம் காணாமல் போய்விட்டது, அது என் பிழைதான்.

றூபினி பொலிஸ் நிலையத்துக்கு வந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி.

"அத்தான், அக்கா உயிரோடை இருக்கேக்கை ஒரு போன் அடிக்க உங்களுக்கு ஏலாமல் போச்சோ?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து அவளுக்கு எதை விளங்கப்படுத்துவது? ஓம், எலும்புக் குளிசையை எடுத்தவன் நான்தான். போனை எடுத்தவனும், ஃபாதரைத் தடுத்தவனும், வைத்தியம் இல்லாமல் ஒன்பது நாள் அவளைக் கிடத்திச் சாகவிட்டவனும் நான்தான். துஷ்யா, இதை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். ஆனால் புதன்கிழமை ஏன் நிறுத்தவில்லை என்று மட்டும் இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். இரண்டு நாள் முந்தி வெட்டியிருந்தால், அவள் பட்ட பாடெல்லாம் வீணாகப் போயிருக்கும்.