திசுவுக்குக் கீழ எங்க வீட்டுப் பேச்சு

ஆமா மேடம், அது என் குரல்தான். என் பொண்ணு அனுப்பின நோட்டுல கல்லீரல் படத்துக்குக் கீழ, தொட்டி வழியுது மோட்டாரை நிறுத்துங்கன்னு இருக்கே, அது நான் கத்தினது. அதுக்கு மேல செல்லெல்லாம் வரிசையா நிக்குதுன்னு இருக்கிறது மட்டும்தான் அவ சொன்னது. அவளைத் திட்டாதீங்க. திட்ட மாட்டீங்களா, சரி, அப்ப உக்காந்துக்குறேன்.

நான் படிச்ச காலத்துல மைக்ராஸ்கோப்னா ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு குனிஞ்சு பாக்கணும். எனக்கு என் கண் இமைதான் தெரியும், அதையே வரைஞ்சு குடுத்து பாஸாயிட்டேன். இப்ப திசு ஒட்டின கண்ணாடித் துண்டு மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்க. வீட்ல இருந்தே பெருசு பண்ணிப் பாக்கலாம். நல்லதுதான். ஆனா இவ லேப்டாப் சின்னதா இருக்குன்னு ஹால் டிவியில மாட்டிட்டா. என் மாமனாருக்கு சீரியல் போச்சு. ரெண்டு நாள் முறைச்சுக்கிட்டு இருந்தார், அப்புறம் சிறுநீரகத்தையே பாக்க ஆரம்பிச்சிட்டார். அந்த உருண்டைல யாரும்மா வில்லன்னு கேக்குறார். இது செத்த திசு தாத்தா, அசையாதுன்னு பேத்தி சொன்னா, நேத்து அந்த ஊதாக்காரன் இந்தப் பக்கம் இருந்தானேங்குறார்.

அவர் மட்டுமா. நான் ஜன்னலுக்குத் திரை வாங்கப் போய், சிறுகுடல் கலர்ல காட்டுங்கன்னு கேட்டிருக்கேன். கடைக்காரர் ஒரு நிமிஷம் யோசிச்சு, அது இப்பதாங்க தீந்து போச்சு, அடுத்த வாரம் வரும்ன்னார்.

நோட்டு விஷயத்துக்கு வர்றேன். கையில எழுதுற நோட்டா இருந்தா இந்த வம்பே இல்ல. இது கம்ப்யூட்டர் நோட்டு, பேசினா அதுவே எழுதிக்குது. இவளுக்கு டைப் அடிக்கச் சோம்பேறித்தனம், பேச்சை ஆன் பண்ணி வச்சிட்டா. அது யாரு பேசினாலும் எழுதுது. ஒருத்தரையும் விடல. இவ திருப்பிப் படிக்காமலே உங்களுக்கு அனுப்பிட்டா.

நீங்க சும்மா இருந்தீங்களா. செல் வரிசை சரி, மோட்டார் எந்த அடுக்கில் உள்ளதுன்னு சிவப்புல எழுதிட்டீங்க. அடுத்த வாரம், மாமனாருக்கும் மருமகளுக்கும் உள்ள இணைப்பு தெளிவாக இல்லை, அம்புக்குறி போட்டு விளக்கவும்னு. நானும் மெனக்கெட்டு விளக்கினேன். பாதி மார்க்தான் போட்டீங்க. பரவால்ல.

அதுல ஒரு குரல் மட்டும் கம்மியா வரும், கவனிச்சிருப்பீங்க. கவனிச்சீங்களா. அது என் கொழுந்தனார். லிஃப்ட் ரிப்பேர் வேலை, அதுவும் நோட்டுலயே வந்திருக்கும். பொண்டாட்டி விவாகரத்து வாங்கிட்டுப் போனதுலேர்ந்து வீட்ல பேச்சே கிடையாது. சாப்பிடுவார், கை கழுவுவார், மாடிக்குப் போயிடுவார். அன்னிக்கு டிவியில கொழுப்புத் திசு ஓடிக்கிட்டிருந்துச்சு. நின்னு பாத்தார். வீடு மொத்தத்தையும் காலியா விட்டுட்டு, ஒருத்தன் ஓரமா செவுத்தோட ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கானேன்னார். அந்த செல்லோட கருவைச் சொல்றார். அதையும் அது எழுதிக்கிச்சு.

நீங்க கீழ என்ன எழுதினீங்கன்னு எனக்கு மனப்பாடம். மிகச் சரியான விளக்கம், சொன்னது யார், என் வீடும் இப்படித்தான் இருக்கும்னு.

மனுஷன் அதை எத்தனை தடவை படிச்சார்னு தெரியாது. மறுநாள்லேர்ந்து வேலை முடிஞ்சு நேரா ஹாலுக்கு வந்துடுறார். மேடம் எழுதிட்டாங்களான்னு கேட்டுட்டுத்தான் ஷூவையே கழட்டுறார். நோட்டு தப்பா எழுதிடக் கூடாதுன்னு ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திப் பேசுறார். லீவு விட்டப்ப, திசு எல்லாம் தீந்துடுச்சான்னு கேட்டார். நடுவுல காய்ச்சல்ல படுத்துட்டார் பாருங்க, லிஃப்ட்காரர் குரல் ஏன் இல்லைன்னு எழுதியிருந்தீங்க. மாமனார் அதை மாடிப்படி ஏறிப் போய் படிச்சுக் காட்டினார். முட்டிவலிக்காரர், மேடம்.

இப்ப நோட்டுல பாடத்தைத் தவிர வேற எதுவும் வரக் கூடாதுன்னு உங்க டிபார்ட்மென்ட் பெரியவர் சொல்லிட்டாராமே. பொண்ணு பேச்சை ஆஃப் பண்ணிட்டா. அவர் சொல்றதும் நியாயம்தான், அவ மார்க்கையும் பாக்கணும்ல. ஆனா மூணு நாளா கொழுந்தனார் ஹால்ல வந்து உக்காந்து, சுவரைப் பாத்துட்டு எழுந்து போறார்.

இல்ல, அந்தத் தடையை எடுக்கச் சொல்லி வரல. நீங்க கூப்பிட்டீங்கன்னும் வரல, நானே வர்றதா இருந்தேன். நீங்களும் தனியாத்தான் இருக்கீங்கன்னு பொண்ணு சொன்னா, உங்களுக்கு இஷ்டம்னா எங்க கொழுந்தனாரைக் கட்டிக்கிறீங்களான்னு கேக்க வந்தேன். இப்பவே சொல்ல வேணாம். பிடிக்கலன்னா பொண்ணு மார்க்குல கை வைக்காம தலையை மட்டும் ஆட்டுங்க, போயிடுறேன்.

கீழ கேன்டீன்லதான் உக்காந்திருக்கார். ரெண்டு டீ வாங்கி வச்சிருக்கார். எனக்கு டீ பழக்கமே இல்ல, மேடம்.