முத்து முத்தான எழுத்து

இல்லைங்க மேடம், அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காந்து விசாரிங்க. கண்ணாடித் தூளை இன்னும் முழுசா பெருக்கல, செருப்பைக் கழட்டிடாதீங்க.

ஆறு வருஷமா இந்த லேப்ல இருக்கேன். ஒரு பாட்டில் வெடிச்சதில்ல. புதுசு வந்து நாலு மாசம்தான் ஆகுது. புதுசுன்னுதான் நாங்க அவளைக் கூப்பிடுவோம். சார் மட்டும் வாய் நிறைய அம்மா அம்மாம்பாரு. நான் அவருக்கு இன்னும் அந்தப் பொண்ணுதான்.

பொறாமையா, எனக்கா? சேச்சே. ஜன்னலோரம் இருந்த என் மேசையைக்கூட அவளுக்குத்தான் குடுத்தாரு. நான் ஏதாச்சும் சொன்னேனான்னு யாரை வேணா கேட்டுப் பாருங்க.

விஷயம் என்னன்னா, நைட்ரிக் ஆசிட்டும் அசிட்டோனும் சேரவே கூடாது. சேர்ந்த உடனே ஒண்ணும் தெரியாது. கமுக்கமா சூடேறும், உள்ள வாயு கிளம்பும். மூடியை வேற இறுக்கிட்டா பாட்டில் தாங்காது. அதான் கழிவு ஊத்தத் தனித்தனி பாட்டில். எல்லாமே ஒரே மாதிரி பழுப்புக் கண்ணாடி, லேபிளைப் பாத்தாத்தான் எது என்னன்னு தெரியும். லேபிள் இல்லைன்னா கழுவி வச்ச காலி பாட்டில். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான்.

லேபிள் எழுதிட்டு இருந்ததும் நான்தான். போன மாசம் சார் எல்லாரு முன்னாடியும் சொல்றாரு, இனிமே அவ எழுதட்டும், முத்து முத்தா எழுதுறான்னு.

எழுதினா போதுமா? பாட்டிலைத் துடைச்சு, ஈரம் போனப்புறம் ஒட்டி, மேல டேப் சுத்தணும். அது அவளுக்குத் தெரியாது. என்கிட்ட யாரும் கேக்கல, நானும் சொல்லல.

அவ கண்ணு எப்படி இருக்காம்? கட்டு இன்னும் பிரிக்கலையா... ம்.

என்ன எழுதுறீங்க? லேபிள் ஒட்டாமலே விட்டுட்டான்னா? அப்ப அவளை வேலையை விட்டே அனுப்பிருவாங்களே. இல்லைங்க, அதை அடிச்சிருங்க. ஒட்டியிருந்தா. நேத்து காலையில நான் வந்தப்போ உரிஞ்சு தரையில கிடந்துச்சு. அந்தப் பாட்டில்ல அடியில ஒரு விரக்கடைதான் அசிட்டோன் இருந்துச்சு. நாலு மணி மீட்டிங்ல சார்கிட்ட காட்டலாம்னு லேபிளை எடுத்து வச்சேன், உங்க அம்மா ஒட்டின லட்சணத்தைப் பாருங்கன்னு. அவ மூணரைக்கே ஆசிட்டைக் கொண்டுபோய் அதுல ஊத்தி மூடிட்டா.

இந்தக் கோட்டுப் பாக்கெட்லதான் இருக்கு. இந்தாங்க.

எழுத்து என்னமோ அழகாத்தான் இருக்கு.