எனக்கும் ஒரு சாட்சி

சட்டையில் இரத்தம் பட்டால் பலர் உடனே அதைச் சுடுதண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். அது தப்பு. சூடு பட்டதும் கறை நூலோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு போகவே போகாது. லாண்டரிக் கடை வைத்துத் தலை நரைத்தவன் என்பதால் சொல்கிறேன், ஐயா. கறையிடம் அவசரம் ஆகாது.

நீங்கள் ஸ்டேஷனிலிருந்து பெயின்டரைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். எங்கள் சபையில் திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுகிற அக்கா உங்களிடம் வந்து பேசியது எனக்குத் தெரியும். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. நானும் அல்ல. நான் பொய் சொன்னதில்லை, புகைத்ததில்லை, ஒரு சொட்டு மது என் நாக்கில் பட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாக் கோளாறும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

பெயின்டர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் சட்டைகள் என் கடைக்குத்தான் வரும். அவன் மனைவி பிளாஸ்டிக் பையில் இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவாள். பையைத் திறந்ததும் புளித்த வாடை கடை முழுக்கப் பரவும். காய்ந்துபோன வாந்தி, நடுவில் சுவருக்கு அடிக்கிற நீலச் சாயம். முந்தின நாள் அவன் என்ன தின்றான் என்பது அவன் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இடுக்கியால்தான் எடுப்பேன்.

"மன்னிச்சுக்கங்கண்ணே, வேற யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க" என்பாள்.

"கர்த்தர் பாத்துக்குவாரும்மா" என்பேன்.

அவளைச் சபைக்கு அழைத்து வந்தவன் நான். அவள் புருஷனை அழைத்து வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பீடத்துக்கு முன்னால் குப்புற விழுந்து அழுதான். மூக்கிலிருந்து ஒழுகியது தரைவிரிப்பில் கோடு போட்டது. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அதைத் துவைக்கப்போகிறவன் நான்தானே.

அதற்குப் பிறகு அவனைக் குடியை நிறுத்துகிற ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த மாத்திரையைப் பற்றி அவன் மனைவி என் கடையில் நின்று சந்தோஷமாகச் சொன்னாள். "இதைப் போட்டுக்கிட்டு ஒரு வாய் குடிச்சாலும் போச்சுண்ணே. மூஞ்சி செவந்து, நெஞ்சு அடிச்சு, குடலப் புடுங்கி வெளிய போட்டுடுமாம்."

இது சபையில் என்னைத் தவிரப் போதகருக்கு மட்டும்தான் தெரியும். பெயின்டரை முதல் தடவை சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது போதகர் அவன் தோளில் கைபோட்டு, "மாத்திரை விஷயம் வேண்டாம் தம்பி. மகிமை கொறஞ்சுடும்" என்றார்.

நீங்கள் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல, அதனால் விளக்க வேண்டியிருக்கிறது. சாட்சி என்றால், தான் எப்படிக் கெட்டுக் கிடந்தோம், எப்படி மீட்கப்பட்டோம் என்று எல்லோர் முன்பும் எழுந்து சொல்வது. பெயின்டர் சொன்னான். சாக்கடையில் படுத்துக் கிடந்ததை, நாய் வந்து முகத்தை நக்கியதை, பிள்ளையின் பள்ளிச் செருப்பை விற்றுக் குடித்ததை. ஜனங்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். பந்தியில் உட்கார்ந்தவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அடுத்த வாரம் இன்னொரு தரம் கேட்டார்கள். போதகர், "இன்னும் கொஞ்சம் வெவரமா சொல்லுங்க தம்பி" என்றார். ஒரு நாய் மூன்று நாயாகியது. வெளிச் சபைகளிலிருந்தும் அழைப்பு வந்தது. சுவரொட்டியில் அவன் படம் போட்டார்கள். பின்வரிசைகள் நிறைந்து, நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். ஆராதனை முடிந்ததும் பெண்கள் வரிசையில் நின்று அவன் கையைப் பிடித்து அழுதார்கள். நான் இடுக்கியால் தொட்டவனின் கையை.

எனக்கும் ஒரு தரம் வாய்ப்புக் கிடைத்தது. பெயின்டருக்குத் தொண்டை கட்டியிருந்த ஒரு வாரம் போதகர், சபையின் மூப்பர்களில் ஒருவனான என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்து, தேவ கிருபையால் சிறுவயது முதல் இந்நாள்வரை எந்தத் தீய பழக்கமும் இல்லாமல் காக்கப்பட்டேன் என்றேன். வேறு என்ன சொல்வது? முன்வரிசையில் ஒரு பெரியவர் கொட்டாவி விட்டார், வாயைக்கூட மூடவில்லை. போதகர் எழுந்து, "சுருக்கமா சொன்ன மூப்பருக்கு நன்றி" என்றார்.

இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. எனக்குக் கோபம் வருவதில்லை. அருவருப்பு வரும், அவ்வளவுதான். வெளுத்த துணியை மூட்டையோடு மூலையில் தள்ளிவிட்டு, அழுக்குத் துணியை மாலை போட்டு ஊர்வலம் விடுகிற ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

ஒருவன் உண்மையாகவே மனம் திரும்பியிருக்கிறானா என்று சோதித்துப் பார்ப்பது மூப்பரின் கடமை என்று நினைத்தேன். இப்போதும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

எங்கள் திருவிருந்தில் கர்த்தருடைய இரத்தமாக நினைத்துக் குடிப்பது புளிக்காத திராட்சரசம்தான். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம். ரசம் ஊற்றுவதும் தட்டை ஏந்திப்போவதும் என் பொறுப்பு. முன்வரிசையில் முதல் ஆளாகப் பெயின்டர் உட்கார்ந்திருப்பான், ஓரத்துக் கிண்ணம் அவனுடையது. நான் மதுக்கடைக்குப் போனேன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன், அந்த நாற்றம் அப்படி. கடைக்காரன் எது வேண்டும் என்று கேட்டான். எனக்குப் பெயர் ஒன்றும் தெரியாது. கையைக் காட்டினேன்.

ஊற்றியது கொஞ்சம்தான், ஐயா. ரசத்தின் நிறம்கூட மாறவில்லை. கிண்ணம் கழுவுகிற அக்காவின் மூக்குக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

பெயின்டர் குடித்தான். கிண்ணத்தை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் தட்டை அடுத்தவரிடம் நீட்டினேன். பாட்டு முடிவதற்குள் அவன் முகமும் கழுத்தும் வெந்த மாதிரிச் சிவந்தன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன் பீடத்தின் படியிலேயே வாந்தி எடுத்தான்.

தகுதியில்லாமல் வாங்குகிறவனைக் கிண்ணமே காட்டிக்கொடுக்கும் என்று எங்களிடம் ஒரு பயம் உண்டு. போன வாரம் அவன் கையைப் பிடித்து அழுத அம்மாள் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து, "உள்ள ஏதோ மறச்சு வெச்சிருக்கான்" என்றாள். வாந்தியை நான்தான் மண்டியிட்டுத் துடைத்தேன். மூப்பருக்கு எவ்வளவு தாழ்மை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் அவன் என் கடைக்கு வந்தான். சலவைக்கு எதுவும் கொண்டுவரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, ரசத்துல எனக்கு அந்த வாசனை வந்துச்சு. அதே ருசி."

"ரசத்துல எப்படிப்பா வரும்?"

"அதத்தான் நானும் நெனைக்கிறேன். ரசத்துல இல்லண்ணே, என் நாக்குலதான் இருக்கு. கர்த்தர் எல்லாத்தையும் கழுவினாரு, நாக்க மட்டும் விட்டுட்டாரோ?"

"ஜெபம் பண்ணு" என்றேன். அது பொய் இல்லையே.

அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. அந்த நினைப்பே அவனுக்கு வரவில்லை. அவன் சந்தேகப்பட்டது தன்னை. அதுவே எதையோ நிரூபிக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அடுத்த திருவிருந்திலும் அதேதான் நடந்தது. மனைவி அவனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். குடிக்காமல் இப்படி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கடைக்கு வந்து அழுதாள். "புள்ள மேல கை வெச்சுச் சத்தியம் பண்றாருண்ணே, குடிக்கலன்னு. டாக்டர் பொய்யா சொல்வாரு? யாரை நம்பறது?" நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். யாரை நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

போதகர் அவன் சாட்சியை நிறுத்தினார். சுவரொட்டியில் அவன் முகத்தின்மேல் வேறொரு முகம் ஒட்டினார்கள். பெயின்டர் திருவிருந்துக்கு வரமாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். நானே போய்க் கூப்பிட்டேன். "வராம இருந்தா சனங்க சந்தேகம் உறுதியாயிடும் தம்பி" என்றேன். நியாயமான பேச்சுதான்.

வந்தான். கிண்ணத்தை எடுத்தான். ஜனங்கள் பாட்டை விட்டுவிட்டு அவனையே எட்டிப் பார்த்தார்கள். அந்த முகங்களைப் பார்த்தேன். அவன் சாட்சியை எந்தப் பசியோடு கேட்டார்களோ அதே பசி. அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். பிறகு படிவரை போகக்கூட அவனால் முடியவில்லை.

அன்று மாலையே மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் பெயின்டர் வேலைக்குப் போகவில்லை. ஊரே குடித்தாய் என்கிறது, டாக்டர் குடித்தாய் என்கிறார், கட்டியவள் நம்பவில்லை, கடவுளும் துப்பிவிட்டார், இனிக் குடித்தால் என்ன குடிக்காவிட்டால் என்ன என்று நினைத்திருப்பான். கடைக்குப் போய் முழு பாட்டில் வாங்கினான். உடம்பில் மாத்திரை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தபோது சமையலறைத் தரையில் கிடந்தான். அவனைச் சுற்றிக் கிடந்ததைப் பற்றி நான் சொல்ல வேண்டாம், நீங்கள் பார்த்தீர்கள்.

நான் ஊற்றியது சொட்டுக் கணக்கு. பாட்டிலை அவன் தன் கையால் வாங்கினான், தன் கையால் திறந்தான். இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டது இது அல்ல, ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் எனக்கே பிறகுதான் தெரிந்தது. அடக்கத்தின் அன்று போதகர் என்னைத்தான் பேசச் சொன்னார். வழுக்கி விழுந்த சகோதரனைக் கடைசிவரை கைவிடாதவர் என்று என்னை அறிமுகப்படுத்தினார். நான் எழுந்து நின்றேன். அவன் சட்டைகளைப் பற்றிச் சொன்னேன். அந்த வாடையைப் பற்றி, இடுக்கியைப் பற்றி. ஒருவரும் கொட்டாவி விடவில்லை. பேசப்பேச எனக்கே அழுகை வந்தது, மூக்கு ஒழுகியது, நான் துடைக்கவில்லை. முடிந்ததும் வரிசையில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் மனைவி என் காலில் விழுந்தாள்.

ஆமாம், ஐயா, நான்தான் கொன்றேன். கொல்வேன் என்று தெரியாமலும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். மனம் திரும்பிவிட்டேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு உதவி. என்னை அழைத்துப் போவதற்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கால்மணி நேரம் சபையில் என்னை எழுந்து நிற்க விடுங்கள். போதகரிடம் சொல்லி, வெளியிலும் நாற்காலி போடச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு சாட்சியை அவர்கள் இதுவரை கேட்டதில்லை.